எத்தனை வோல்ட் போதும்? ஓவர்கிளாக்கிங்கின் தீராத கேள்வி

மேசைக் கணினியின் செயலியை, தயாரித்தவர் குறித்துத் தந்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக்கிங். வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சண்டையெல்லாம் அடுத்த படியில்தான். எவ்வளவு கூட்டினால் போதும்? போதும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

கால் நூற்றாண்டுக்கு மேலாக இதற்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு விடையும் அது பிறந்த காலத்துச் சில்லுக்கு ஓரளவு பொருந்தியது. அடுத்த தலைமுறைச் சில்லு வந்ததும் பாதி பொய்த்தது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன, இன்றைக்கு அவற்றில் எது மிஞ்சுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்பியல் வகுத்த எல்லை

செயலிக்குள் ஒரு பதிவேட்டிலிருந்து கிளம்பும் சமிக்ஞை, இடையிலுள்ள தர்க்க வாயில்களை எல்லாம் கடந்து, அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் மறு பதிவேட்டை அடைந்துவிட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் 200 பிக்கோநொடி. எண்ணற்ற பாதைகளில் மிக மெதுவான பாதை எதுவோ அதுதான் முழுச் சில்லின் வேகத்துக்கும் வரம்பு கட்டுகிறது. மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர் விரைந்து நிலை மாறும். சமிக்ஞை நேரத்துக்குப் போய்ச் சேரும்.

சகுராய், நியூட்டன் இருவரும் 1990-இல் முன்வைத்த தாமத மாதிரி இந்த உறவைச் சுருக்கமாகச் சொல்கிறது. டிரான்சிஸ்டர் விழிக்கும் தொடக்க மின்னழுத்தத்துக்கு அருகில் இருக்கும்போது கொஞ்சம் கூட்டினாலும் பெரும் பலன் கிடைக்கும். மேலே போகப்போகப் பலன் தேயும். கொடுக்க வேண்டிய விலையோ தேய்வதில்லை. நிலைமாற்றத்துக்குச் செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகார வேகத்துக்கும் நேர்விகிதத்தில் ஏறும். 1.20 வோல்ட்டில் 4.5 கிகாஹெர்ட்ஸ் ஓடும் செயலியை 1.35 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கிடைப்பது 11 சதவீத வேகம். கூடும் மின்செலவு ஏறத்தாழ 41 சதவீதம். கசிவு மின்னோட்டம் இந்தக் கணக்கில் இல்லை. அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் கசிவு மின்னழுத்தத்தோடும் ஏறும், வெப்பத்தோடும் ஏறும்.

வெப்பம் இன்னொரு வகையிலும் குறுக்கிடுகிறது. ஓவர்கிளாக்கர்கள் பயன்படுத்தும் உயர் மின்னழுத்தங்களில், சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் பொதுவாக மந்தமாகும். ஆகவே 60 பாகையில் போதுமாக இருந்த மின்னழுத்தம் 90 பாகையில் போதாமல் போகலாம். மார்கழி இரவில் சோதித்துக் குறித்துக்கொண்ட எண், சித்திரை மதியத்தில் செல்லும் என்று உறுதி சொல்ல முடியாது. மிகத் தாழ்ந்த மின்னழுத்தங்களில் இந்த உறவு தலைகீழாகவும் மாறும். அங்கே குளிர்ந்த சில்லுதான் மெதுவானது. அந்த நிலை கைப்பேசிச் சில்லுகளை வடிவமைப்போருக்குத்தான் பெரும் கவலை.

இதில் அடிக்கடி மறக்கப்படுவது ஒன்று உண்டு. மிக மெதுவான பாதை எல்லா நேரமும் பயன்படுவதில்லை. குறிப்பிட்ட கட்டளை, குறிப்பிட்ட எண்களோடு வரும்போது மட்டும்தான் அது விழிக்கும். ஒரு செயலி ஒரு மின்னழுத்தத்தில் நிலையானதா என்ற கேள்விக்கு, அதில் என்ன ஓடுகிறது என்று கேட்காமல் பதில் சொல்ல வழியில்லை. பின்வரும் வாதங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பட்டியலைப் பார்த்து வைப்பது

முதல் விடை எளிமையானது: இதே செயலியை வைத்திருக்கும் மற்றவர்கள் என்ன வைத்தார்களோ அதை வை. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இந்த வழக்கத்துக்குப் பெரும் ஊக்கம் தந்தது. அதன் பெருக்கு எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடியது. பல சில்லுகள் இயல்பான 2.0 வோல்ட்டிலேயே ஓடின; சிலவற்றுக்குக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருந்தது. அட்டையின் சில தொடுமுனைகளை ஒட்டுநாடாவால் மறைத்து மின்னழுத்தத்தை மாற்றியவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து ஏஎம்டி அத்லானின் மேற்புறப் பாலங்களைப் பென்சில் கோட்டால் இணைத்துப் பெருக்கு எண்ணைத் திறந்தார்கள். தேர்வுகள் மிகச் சில என்பதால் பட்டியலும் கைக்கடக்கமாக இருந்தது.

ஆனால் ஒரே பெயர் பொறித்த இரண்டு சில்லுகள் ஒன்றல்ல. ஒரே வட்டத்தகட்டின் நடுவில் பிறந்ததற்கும் ஓரத்தில் பிறந்ததற்கும் கசிவும் வேகமும் வேறுபடும். எந்த நாட்டு ஆலையில் கட்டப்பட்டது, எந்த வாரத்தில் கட்டப்பட்டது என்றெல்லாம் பார்த்துச் சில்லு வாங்கும் பழக்கம் செலரான் காலத்திலேயே இருந்தது. அதில் கொஞ்சம் உண்மை, நிறைய ஜோசியம். பின்னாளில், சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரித்து விற்கவே சிலிக்கான் லாட்டரி என்ற நிறுவனம் நடந்தது. 2021-இல் அது கடையைச் சாத்தியது.

பட்டியலில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இன்று ஓடியவர் எழுதிவைக்கிறார். ஆறு மாதம் கழித்துச் செத்ததை எல்லோரும் எழுதுவதில்லை. 2002-இல் வந்த நார்த்வுட் வகைப் பெண்டியம் 4 செயலிகளை 1.7 வோல்ட்டுக்கு மேல் ஓட்டியவர்களில் பலர், சில வாரங்களிலோ மாதங்களிலோ சில்லு திடீரென மாண்டதாகச் சொன்னார்கள். மின்னோட்டம் உலோகக் கம்பியின் அணுக்களையே மெல்ல நகர்த்திவிடும் நிகழ்வுதான் காரணம் என்று அப்போது பரவலாகக் கருதப்பட்டது. முந்தைய தலைமுறையின் ‘பாதுகாப்பான’ எண்ணை அப்படியே புதிய 130 நானோமீட்டர் சில்லுக்குச் சுமத்தியது இதில் பெரும் பங்கு வகித்திருக்கலாம்.

சித்திரவதைச் சோதனை

இரண்டாவது விடை, ஓவர்கிளாக்கிங் உலகத்தின் ஆசாரமாகவே மாறியது: செயலியை உச்சச் சுமையில் மணிக்கணக்கில் ஓட்டு, தவறவில்லை என்றால் நிலையானது. இதன் பிறப்பிடம் ஓவர்கிளாக்கிங் அல்ல. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலின் மென்பொருளான பிரைம்95, ஒரே எண்ணை வாரக்கணக்கில் சோதிக்கும். நடுவில் ஒரு பிட் தவறினாலும் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே கணினியை முதலில் நம்பலாமா என்று பார்க்க ஒரு சித்திரவதைச் சோதனை அதில் சேர்க்கப்பட்டது. விரைவு ஃபூரியே உருமாற்றத்தால் மாபெரும் எண்களைப் பெருக்கும்போது கிடைக்கும் விடைகள் முழு எண்களுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். விலகல் வரம்பு தாண்டினால், அல்லது இறுதி விடை ஏற்கெனவே தெரிந்த விடையோடு பொருந்தாவிட்டால், வன்பொருள் பிழை என்று அறிவித்து நின்றுவிடும்.

இந்த முறையின் உண்மையான பெருமை, அது தரும் சூட்டைவிட, விடையைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. கணினி உறையவில்லை, நீலத்திரை வரவில்லை என்பதோடு திருப்தி அடையாமல், கணக்கு சரியா என்று பார்க்கிறது. லின்பேக் சமன்பாட்டுத் தீர்வைச் சுற்றிக் கட்டிய கருவிகளும், பை மதிப்பைக் கோடிக்கணக்கான இலக்கங்களுக்குக் கணக்கிடும் ஒய்-க்ரஞ்சரும் இதே மரபில் வந்தவை.

எதிர்ப்பு வந்தது சுமையின் அளவை முன்னிட்டு. ஏவிஎக்ஸ் கட்டளைகளும், பிறகு 2013-இன் ஹேஸ்வெல் செயலிகளோடு ஏவிஎக்ஸ்2-உம் வந்தபின், புதிய பிரைம்95 பதிப்புகள் முன்பு காணாத மின்னோட்டத்தை இழுத்தன. போதாக்குறைக்கு, ஹேஸ்வெல்லின் தகவமைப்பு மின்னழுத்த முறை அத்தகைய கட்டளைகளைக் கண்டதும் பயனர் கேட்டதைவிடக் கூடுதலாக ஏற்றியது. சோதனையே சில்லைப் பாழாக்கும் என்ற அச்சம் பரவியது. பலர் ஏவிஎக்ஸ் இல்லாத 26.6 பதிப்பையே பிடித்துக்கொண்டார்கள். 2016-இன் பிராட்வெல்-ஈ செயலிகளில், ஏவிஎக்ஸ் சுமை வந்தால் மட்டும் வேகத்தைக் குறைக்கும் வசதியை இன்டெல் தந்தது. ஒரே சில்லுக்கு ஒரே நிலையான எண் என்ற எண்ணம் ஆட்டம் கண்டதைத் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இன்னொரு குறை அவ்வளவாகப் பேசப்படவில்லை. உச்சச் சுமைச் சோதனை சீரான சுமை. எல்லா கோர்களும் ஒரே வேகத்தில், ஒரே சூட்டில், ஒரே வகைக் கட்டளையை அரைக்கின்றன. சுமை ஏறி இறங்கும் கணங்களை, அதாவது செயலி தூங்கி எழுந்து மீண்டும் தூங்கும் சாதாரண நாளை, அது தொடுவதே இல்லை. ஒரு நாள் முழுக்கச் சித்திரவதையைத் தாங்கிய கணினி, காலையில் உலாவியைத் திறக்கும்போது உறைந்துவிட்டதாக வரும் புலம்பல்களுக்கு இது ஒரு விளக்கமாக இருக்கக்கூடும்.

இருபத்து நான்கு மணி நேரத்தின் மதிப்பு

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்பதிலும் உட்பிரிவுகள் உண்டு. ஒரு மணி நேரம் போதும் என்பவர், எட்டு மணி நேரம் கேட்பவர், ஒரு நாள் முழுக்க ஓடாததை நிலையானது என்று ஏற்காதவர். இங்கே புள்ளியியலின் பழைய விதி ஒன்று உதவும். பிழைகள் ஒரு நிலையான வீதத்தில் தற்செயலாக நிகழ்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால அளவு முழுவதும் ஒரு பிழைகூட வராவிட்டால், 95 சதவீத நம்பகத்தோடு நாம் சொல்லக்கூடிய மேல் வரம்பு, மூன்றை அந்தக் கால அளவால் வகுத்தால் கிடைப்பது. இருபத்து நான்கு மணி நேரச் சோதனை நமக்கு நிரூபிப்பது இவ்வளவுதான்: சராசரியாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு பிழை என்பதைவிட மோசமில்லை. ஒரு மணி நேரச் சோதனை நிரூபிப்பது, இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பதைவிட மோசமில்லை. மாதத்துக்கு ஒருமுறை கூடத் தவறக் கூடாது என்று விரும்புபவர் மூன்று மாதம் தொடர்ந்து சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் புதிய செயலி சந்தைக்கு வந்துவிடும்.

அப்படியானால் சோதனையே வீணா? இல்லை. விளிம்பருகே பிழை வீதம் மின்னழுத்தத்தோடு மிகச் செங்குத்தாக மாறும் என்பதுதான் சோதிப்பவருக்குக் கிடைத்த வரம். 10 மில்லிவோல்ட் குறைத்தால் மணிக்கணக்கில் ஓடியது நிமிடக்கணக்கில் விழும்; இன்னொரு 10 குறைத்தால் இயங்குதளமே எழாது. ஆகவே தேர்ச்சி பெற்ற நேரத்தை நீட்டிக்கொண்டே போவதைவிட, வேண்டுமென்றே குறைத்துத் தோற்கவிட்டு, எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு விரைவாகத் தோற்கிறது என்று இரண்டு மூன்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அந்தச் சரிவை மேல்நோக்கி நீட்டிப் பார்ப்பதே அதிகத் தகவல் தரும். சோதனை ஆய்வகங்களில் இது புதிய சிந்தனை அல்ல. வீட்டுக் கணினி உலகத்தில், ஏனோ, தோல்வியை அளப்பதற்கு வெற்றியைப் படம் பிடித்துக் காட்டுவதற்குள்ள மவுசு இல்லை.

‘என் வேலைக்குப் போதும்’

சித்திரவதை மரபுக்கு எதிரணியில் நிற்பவர்களின் வாதம் இது: நான் விளையாடுகிறேன், காணொளி தொகுக்கிறேன். மெர்சென் எண் தேடப் போவதில்லை. என் விளையாட்டு உறையாமல் ஓடினால் அதுவே எனக்கு நிலைத்தன்மை. சினிபெஞ்ச் வேகச் சோதனையைச் சில முறை ஓட்டிவிட்டு அன்றாட வேலைக்குத் திரும்புபவர்கள் இந்த அணியினர். உச்சச் சுமைக்காக மின்னழுத்தத்தை ஏற்றி வைத்து, ஆண்டு முழுவதும் அந்தச் சூட்டையும் தேய்மானத்தையும் சுமப்பது வீண் என்ற அவர்களின் கணக்கில் நியாயம் இருக்கிறது.

அவர்களின் அளவுகோல் உறைதலை மட்டுமே பார்க்கிறது என்பதுதான் சிக்கல். பிழை எப்போதும் உறைதலாக வெளிப்படுவதில்லை. மைக்ரோசாப்ட் ஆய்வாளர் நைட்டிங்கேலும் வேறு இருவரும் சேர்ந்து 2011-இல், ஏறத்தாழ பத்து லட்சம் நுகர்வோர் கணினிகளின் எட்டு மாதச் செயலிழப்புத் தரவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் செய்யப்பட்ட கணினிகள் செயலி சார்ந்த பிழையால் விழும் வாய்ப்பு, ஒரு தயாரிப்பாளரின் சில்லுகளில் ஏறத்தாழ இருபது மடங்கும் மற்றவரின் சில்லுகளில் நான்கு மடங்குக்கு மேலும் இருந்தது. தயாரிப்பாளர்களின் பெயர்களை அவர்கள் மறைத்தே எழுதினார்கள். இந்தக் கணினிகளின் உரிமையாளர்களில் பலர் தங்கள் கணினி நிலையானது என்றே நம்பியிருக்கக்கூடும். இந்த எண்களும் விழுந்ததை மட்டுமே எண்ணியவை. விழாமல் தவறாகக் கணக்கிட்டது இதில் சேராது.

அந்த மௌனப் பிழைகளைப் பற்றிய தெளிவு வந்தது ஓவர்கிளாக்கிங்குக்குச் சம்பந்தமே இல்லாத தரவு மையங்களிலிருந்து. 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் விவரித்த ஒரு நிகழ்வில், 1.1-ஐ 53-ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டிய இடத்தில், ஒரு செயலியின் ஒரே ஒரு கோர் மட்டும் 0 என்றது. அந்த எண் ஒரு கோப்பின் அளவைக் குறித்தது. அளவு சுழியம் என்பதால் கோப்பு எழுதப்படாமலே போனது. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. அதே ஆண்டு கூகுள் பொறியாளர்களும், சில ஆயிரம் கணினிகளுக்குச் சில கோர்கள் என்ற அளவில் இப்படி நம்பத்தகாதவை இருப்பதாக எழுதினார்கள். தயாரிப்பாளர் வைத்த மின்னழுத்தத்திலேயே ஓடும் சில்லுகளில் இது நிகழ்கிறது என்றால், ஓரங்களைச் செதுக்கிவிட்ட வீட்டுக் கணினியில் எவ்வளவு நிகழும்? நம்பத்தக்க அளவீடு எதுவும் கண்ணில் படவில்லை. எனினும், விளையாட்டு மட்டும் ஓடும் கணினிக்கு இந்த வாதத்தின் எடை குறைவு. குடும்பப் புகைப்படங்களும் கணக்கு வழக்குகளும் அதே வட்டில் கிடக்கின்றன என்றால் எடை கூடும்.

சுமையில் சரியும் மின்னழுத்தம்

இதுவரை மின்னழுத்தம் என்றால் ஒரே எண் போலப் பேசினோம். பயாஸில் 1.30 என்று எழுதினால் டிரான்சிஸ்டருக்கு 1.30 போய்ச் சேர்வதில்லை. கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மேல்மாடிக் குழாயில் நீர் மெலிவதுபோல, செயலி மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிகிறது. ஒரு மில்லியோம் சரிவுக்கோட்டில் 100 ஆம்பியர் இழுத்தால் 100 மில்லிவோல்ட் காணாமல் போகும். ஓவர்கிளாக்கர்கள் 10 மில்லிவோல்ட்டுக்குச் சண்டை போடுகிறார்கள் என்பதை நினைத்தால் இதன் பரிமாணம் விளங்கும்.

இந்தச் சரிவைக் குறைக்க மதர்போர்டுகள் லோட்-லைன் கேலிப்ரேஷன் என்ற வசதியைத் தந்தன. சுமையிலும் சுமையின்மையிலும் ஒரே அளவு நிற்பது நல்லதுதானே என்று பலரும் அதை உச்சத்தில் வைத்தார்கள். 2007 இறுதியில் ஆனந்த்டெக் இதழ், 45 நானோமீட்டர் கியூஎக்ஸ்9650 செயலியை முன்வைத்து இதைக் கடுமையாக மறுத்தது. சரிவு ஒரு குறை அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு என்பது அதன் வாதம். சுமை சட்டென விலகும்போது, மின்சீராக்கியின் சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் உடனே நிற்காது. அது மின்தேக்கிகளில் போய்ச் சேர்ந்து மின்னழுத்தத்தை ஒரு கணம் மேலே துள்ளவைக்கும். சரிந்த நிலையிலிருந்து துள்ளினால், சுமையின்மை அளவை எட்டி அடங்கும். சரியாமல் பிடித்து வைத்திருந்தால், அந்த அளவையும் தாண்டித் துள்ளும். பயனர் கேட்டதைவிட அதிக மின்னழுத்தம், பயனர் அறியாமலே.

இந்த வாதம் மெல்ல வென்றது என்றே சொல்லலாம். இன்றைய வழிகாட்டிகள் பெரும்பாலும் நடுநிலை அமைப்பையே சொல்கின்றன. அளவீடு மட்டும் இன்னும் தீரவில்லை. மென்பொருள் திரையில் காட்டும் மின்னழுத்தம் நொடிக்கு ஒருமுறை அளவில் எடுக்கப்பட்ட மாதிரி. பல பலகைகளில் அது சாக்கெட்டுக்கு வெளியே அளந்தது, சில்லுக்குள் அளந்தது அல்ல. துள்ளல் மைக்ரோநொடிகளில் முடிகிறது. சில்லுக்குள் நிகழும் சரிவோ நானோநொடிகளில். அலைநோக்கி இல்லாதவர் இரண்டையும் காண்பதில்லை.

சில்லே தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது

பொறியாளர்கள் இந்தக் கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகினார்கள். எல்லா மோசமான சூழலையும் கணக்கிட்டு நிரந்தரமாக ஒரு பாதுகாப்பு இடைவெளி விடுவதற்குப் பதிலாக, சில்லே தன் விளிம்பை உணரட்டுமே? மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2003-இல் முன்வைத்த ரேசர் வடிவமைப்பில், ஐயத்துக்குரிய பாதைகளின் முடிவில் ஒரு நிழல் பதிவேடு சற்றுத் தாமதமாக விடையை மீண்டும் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிழையைத் திருத்திக்கொள்ளும். பிழை வர ஆரம்பிக்கும் வரை மின்னழுத்தத்தைக் குறைக்கலாம் என்பது இதன் துணிச்சல். ஐபிஎம்மின் பவர்7 செயலியில் உள்ளமைந்த உணரிகளைக் கொண்டு இடைவெளியை ஓடும்போதே சுருக்குவது 2011-இல் காட்டப்பட்டது. முழு ரேசர் முறை மேசைக் கணினிக்கு வரவில்லை. அதன் உறவுக்காரர்கள் வந்தார்கள்.

ஏஎம்டியின் ரைசன் செயலிகள் மின்னழுத்தச் சரிவை உணர்ந்ததும் கடிகாரத் துடிப்பை ஒரு கணம் நீட்டிக்கொள்கின்றன. இதனால் ஒரு விநோதம் நேர்ந்தது. மின்னழுத்தத்தை அதிகமாகக் குறைத்துவிட்டால் செயலி பல நேரங்களில் உறைவதில்லை. திரையில் அதே கிகாஹெர்ட்ஸ் காட்டியபடி, உள்ளே மெதுவாகிறது. சோதனையில் தேறிவிட்டது என்று மகிழ்பவர், செய்த வேலையின் அளவைப் பார்த்தால்தான் இழப்பு தெரியும். உறையவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளும் எல்லா மரபுகளுக்கும் இது சங்கடம்.

2020-இன் ரைசன் 5000 வரிசையோடு வந்த கர்வ் ஆப்டிமைசர், கேள்வியையே புரட்டிப் போட்டது. இப்போது பயனர் கூட்டுவதில்லை, குறைக்கிறார். வேகத்துக்கும் மின்னழுத்தத்துக்குமான வளைவு முழுவதையும், கோருக்குக் கோர் தனித்தனியாக, படிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் வீதம் கீழே இறக்குகிறார்; சேமித்த இடத்தைச் செயலி தானே வேகமாக மாற்றிக்கொள்கிறது. இங்கே எல்லா கோர்களையும் ஒருசேர அரைக்கும் சோதனை ஏறத்தாழப் பயனற்றது. உச்ச வேகத்தைச் செயலி எட்டுவது ஒரே ஒரு கோர் லேசான வேலை செய்யும்போதுதான், தவறுவதும் அப்போதுதான். அதனால் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளர் போன்ற கருவிகள் எழுந்தன. இன்டெலும் அதே ஆண்டு பத்தாம் தலைமுறையில் வளைவின் புள்ளிகளைத் தனித்தனியாக மாற்ற வழி தந்தது.

மின்னழுத்தத்தைக் குறைப்பது தீங்கற்ற விளையாட்டு என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்திருந்தது. 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் ஆய்வு, மென்பொருள் வழியே மின்னழுத்தத்தைத் துல்லியமாகக் குறைத்து, இன்டெல் செயலிகளின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கும் பெருக்கல்களைப் பிழையாக்கி, அங்கிருந்து ரகசியச் சாவிகளை மீட்கலாம் என்று காட்டியது. அதைத் தொடர்ந்த திருத்தங்களால் பல மடிக்கணினிகளில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வசதியே பூட்டப்பட்டது. கணினி உயிரோடு இருக்கையில் ஒரு குறிப்பிட்ட கட்டளை மட்டும் தவறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆய்வகச் சான்று குறைவு.

மேல் வரம்பு

கீழ் விளிம்பைத் தேடுவோர் மேல் விளிம்பையும் பார்த்தாக வேண்டும். மோட்டரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969-இல் எழுதிய சமன்பாடு, கம்பியின் ஆயுள் மின்னோட்ட அடர்த்தியோடும் வெப்பத்தோடும் எப்படிக் குறைகிறது என்பதைத் தருகிறது. அதற்கு அப்பால், வாயில் காப்புப்படலம் காலப்போக்கில் உடைவதும், டிரான்சிஸ்டரின் தொடக்க மின்னழுத்தம் மெல்ல நகர்வதும் மின்னழுத்தத்தோடு விரைவுபடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ‘பாதுகாப்பான’ ஒற்றை எண் தலைமுறைக்குத் தலைமுறை புழங்கிவந்தது. அந்த எண் பெரும்பாலும் வழக்காறு. தயாரிப்பாளரின் நம்பகத்தன்மைத் தரவு வெளியே வருவதில்லை. இன்டெல் 2012 முதல் 2021 வரை, ஓவர்கிளாக்கிங்கில் கெட்ட செயலியை ஒருமுறை மாற்றித் தரும் கட்டணத் திட்டம் ஒன்றை நடத்தியது. எத்தனை பேர் அதைப் பயன்படுத்த நேர்ந்தது என்ற எண் வெளிவந்திருந்தால் இந்த விவாதத்துக்குப் பேருதவியாக இருந்திருக்கும்.

சமீபத்திய இரண்டு நிகழ்வுகள் கேள்வியைப் பயனரின் கையிலிருந்து பிடுங்கித் தயாரிப்பாளரிடம் கொடுத்தன. 2023-இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சாக்கெட்டிலேயே கருகின. நினைவக வேகத்துக்காக மதர்போர்டுகள் ஏற்றிய எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் ஏஎம்டி கட்டுப்படுத்தியது. அடுத்தது இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகள். இவற்றில் உச்ச மாதிரிகள் 6 கிகாஹெர்ட்ஸைப் பெட்டியிலிருந்தே எட்டின. ஒரு காலத்தில் ஓவர்கிளாக்கர் செதுக்கிய ஓரத்தைத் தயாரிப்பாளரே செதுக்கி விற்றுவிட்டார் என்று சொல்லலாம். விளையாட்டுகள் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற பொய்யான செய்தியோடு விழுந்தன. தரவுகளை விரிக்கும் ஊடில் நிரலகம், விரித்த விடை பொருந்தாததைக் கண்டு நின்றதே பல இடங்களில் நிஜக் காரணம். ஃபேஸ்புக்கின் காணாமல்போன கோப்பும் இதேபோல் தரவை விரிக்கும் பணியில்தான் சிக்கியது; அது தற்செயலாக இருக்கலாம்.

2024 செப்டம்பரில் இன்டெல் சொன்ன விளக்கம் நம் கேள்விக்கு நேரடியாக உரியது. உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து கோரின் கடிகாரக் கிளைச் சுற்று ஒன்றை முதுமை அடையச் செய்கின்றன. அதன்பின் அதே வேகத்துக்குத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் மேலே நகர்ந்துவிடுகிறது. செயலி கேட்கக்கூடிய மின்னழுத்தத்துக்கு 1.55 வோல்ட் வரம்பு வைத்த மைக்ரோகோட் திருத்தம் ஆகஸ்டில் வந்தது; உத்தரவாதம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே நகர்ந்துவிட்ட சில்லைத் திருத்தம் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஓவர்கிளாக்கர் ஓர் இரவு தேடிக் கண்டுபிடித்த எண்ணும் அப்படித்தான்: அன்றைய சில்லுக்கு உரியது. அடுத்த ஆண்டு அதே பெயரில் இருப்பது வேறு சில்லு.

தீராதவை

இந்த அணிகளை எடைபோட்டால், ஒன்று மற்றொன்றை முழுவதும் தோற்கடித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வகைப் பிழையை மட்டும் பார்க்கப் பழகியது. சித்திரவதை மரபு சீரான சுமையின் கணக்குப் பிழையைப் பார்க்கிறது. அன்றாடப் பயன் மரபு உறைதலைப் பார்க்கிறது. வளைவு மரபு ஒற்றைக் கோரின் உச்சத்தை. இவற்றில் விடையைச் சரிபார்க்கும் கருவிகளை விடையைச் சரிபார்க்காதவற்றுக்கு மேலே வைப்பதும், பல வகைச் சுமைகளைக் கலப்பதும், தோற்ற புள்ளியைத் தெரிந்துகொண்டு அதற்கு மேல் இடைவெளி விடுவதும் ஓரளவு உறுதியாகப் பரிந்துரைக்கக் கூடியவை. அந்த இடைவெளி 20 மில்லிவோல்ட்டா, 50-ஆ என்பதைச் சோதனை சொல்லாது. எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்று உரிமையாளர் எடுக்கும் முடிவு அது. வேண்டுமளவுக்கு இடைவெளி விட்டபின் கிடைக்கும் கூடுதல் வேகம் இன்றைய சில்லுகளில் மிகச் சொற்பம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று விற்ற 2011-இன் ஐ7-2600கே 4.5-ஐ எளிதில் எட்டியது. அந்த அகலமான ஓரம் இப்போது இல்லை.

மூன்று கேள்விகளுக்கு இன்னும் விடை இல்லை. வீட்டுக் கணினியில் மௌனப் பிழைகளின் வீதம் என்ன? நினைவகத்துக்குப் பிழைதிருத்தக் குறியீடு இருப்பதுபோலக் கணக்கிடும் தர்க்கத்துக்கு மலிவான காவல் எதுவும் இல்லாததால், இதை அளப்பதே கடினம். முதுமைக்காக எவ்வளவு மின்னழுத்தத்தை ஒதுக்க வேண்டும்? 2024 நிகழ்வுக்குப் பின் இது முன்பைவிட அவசரமானது. ஆனால் அதற்கான வளைவுகள் தயாரிப்பாளர்களிடமே இருக்கின்றன. மூன்றாவது, செயலிக்குள் ஏற்கெனவே உள்ள சரிவு உணரிகளின் அளவீடுகளைப் பயனருக்குத் திறந்துவிட முடியுமா? தொழில்நுட்பத் தடை பெரிதாகத் தெரியவில்லை. உத்தரவாதப் பொறுப்பும், பிளண்டர்வோல்ட் காட்டிய பாதுகாப்பு அச்சமும், ஒரே சில்லைப் பல விலைகளில் விற்கும் வணிகமும் எதிர்ப்பக்கம் நிற்கின்றன.